உப்புநீரில் ஒரு தோட்டம்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் பயணஞ் செய்யும் நம்மவர், பெரும்பாலும் முன்னேஸ்வரத்தை நினைத்தே சிலாபத்தில் இறங்குவர். இன்னுஞ் சிலர் உடப்புத் திரௌபதையம்மன் தீமிதிப்புக்கோ, தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்கோ செல்வர். நாம் இம்முறை புறப்பட்டதோ ஒரு தோட்டம் பார்க்க. சிலாபத்தை அடுத்த களப்புக் கரையிலே, பம்பளை என்னும் ஊரில் உள்ள அத்தோட்டத்திலே ரோசாவும் இல்லை, கத்தரியும் இல்லை. முழங்கால் வரை சேறு உண்டு. அச்சேற்றிலே கண்டல் மரங்கள் உண்டு.

அதைத் தேடிச் செல்ல நமக்கு ஒரு காரணம் இருந்தது. சற்று வெட்கத்துடனேயே அதனைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு கடலோரத்தில், ஒரு சங்கத்தாருடன் சேர்ந்து நாமும் கண்டல் நட்டோம். ஒரே காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கான கன்றுகளை ஊன்றினோம், படம் பிடித்துக்கொண்டோம், சிற்றுண்டி அருந்தி வீடு திரும்பினோம். மறு ஆண்டு அவ்வழியே போனபோது ஆவலோடு இறங்கிப் பார்த்தோம். வரிசை குலையாமல் நின்றவை அத்தனையும் காய்ந்த குச்சிகள்! பாசி போர்த்து, சிறு சிப்பிகள் அப்பிக் கிடந்த அக்குச்சிகளைக் கண்டு, பஸ்ஸில் ஏறிய பின்னும் நாம் வாய் திறக்கவில்லை.

பம்பளையில் கண்டற் கன்றுகளை வளர்த்துவருவது 'சுதீச' என்று சுருக்கமாக வழங்கும் சிறு மீனவர் சம்மேளனம். 2016 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே கண்டற் காடுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இங்கே திறக்கப்பட்டது. உலகில் இத்தகையது இதுவே முதல் என்பர். ஆயினும் நம்மைக் கவர்ந்தது நாற்றுமேடைதான். அங்கே அயலூர்ப் பெண்கள் சிலர் குந்தியிருந்து பொலித்தீன் பைகளிற் சேறு நிரப்பிக்கொண்டிருந்தனர்.

கண்டலின் பிறப்பே ஒரு விந்தை. மற்ற மரங்களின் விதை மண்ணில் விழுந்து முளைக்கும். கண்டலின் விதையோ தாய்மரத்திலே தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டுவிடும். முற்றியதும் தானே கழன்று விழுந்து சேற்றிற் குத்தி நிற்கும். அல்லது அலையோடு மிதந்து சென்று வேறொரு கரையைப் பற்றிக்கொள்ளும். முற்றிய முளையைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். இளசைப் பறித்தால் வீண். நண்டு கடித்ததும் வீண். "காம்புப் பக்கத்தில் மஞ்சள் வளையம் தெரிய வேண்டும், ஐயா. கத்தரிக்காய் வாங்கும்போது பார்ப்பதில்லையா, அப்படித்தான்" என்றார் ஓர் அம்மையார்.

கண்டல் மட்டுமன்று, பென்சிலை நிறுத்தியது போல மூச்சுவேர் விடும் கண்ணாவும், பால் பட்டாற் கண்ணைக் கெடுக்கும் தில்லையும் இவ்வினத்துச் சோலைகளைச் சேர்ந்தனவே. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லைதான். ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் வேறு. எவ்வளவு நேரம் நீர் ஏறி நிற்கும், எவ்வளவு உப்பு என்பதைப் பார்த்தே நட வேண்டும். நாம் அன்று நட்ட இடத்தையும், அங்கே எப்போதும் நீர் தேங்கி நிற்பதையும் சொன்னோம். அம்மையார் சிரித்துவிட்டார். "அங்கே எப்படி ஐயா பிழைக்கும்? நட்டபின் எத்தனை தடவை போய்ப் பார்த்தீர்கள்?"

நாம் விடை சொல்லவில்லை.

இக்கரையோரத்தில் கண்டல் அழிந்த கதை நீண்டது. 1980 களின் தொடக்கத்தில் புத்தளம் மாவட்டத்திலே இறால் பண்ணைகள் தோன்றின. ஏற்றுமதிப் பணம் வந்தது. கண்டலை வெட்டிக் குளம் தோண்டினர். 1996 இல் வெண்புள்ளி நோய் பரவி இறால் செத்து மிதந்தது. பண்ணைகள் பல கைவிடப்பட்டன. பணம் போயிற்று, களப்பு மீனும் நண்டும் குஞ்சு வளர்க்கும் வேர்க்கூட்டமும் போயிற்று. பாதிக்கப்பட்டவர் வள்ளத்தில் வலை வீசும் ஏழை மீனவரே.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் சுனாமி வந்த பின் கண்டல் நடும் ஆர்வம் நாடெங்கும் பெருகிற்று. அதன் பலனை ஆய்வாளர் அளந்து 2017 இல் வெளியிட்டனர். 23 இடங்களை ஆராய்ந்ததில் ஒன்பதிலே ஒரு கன்றுகூட உயிருடன் இல்லை. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட முயன்றதில் தேறியது சுமார் 200 முதல் 220 ஹெக்டேயர். பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்தவை மூன்றே இடங்கள்: நீர்கொழும்பு, கற்பிட்டி, பம்பளை. மூன்றில் இரண்டு புத்தளம் மாவட்டத்தவை என்பதை இவ்வூரார் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். நட்ட பின் பராமரித்த இடங்களிலேயே கன்றுகள் மிகுதியாகப் பிழைத்தன என்பதும் அவ்வாய்வின் முடிபு.

பராமரிப்பு என்றால் என்ன? பாசியைப் பிடுங்குவது, அலை கொண்டுவரும் குப்பையை நீக்குவது, மாடு நுழையாமல் வேலி கட்டுவது, பட்டுப்போன கன்றை எடுத்துவிட்டு வேறொன்று வைப்பது. யாரும் படம் பிடிக்க வராத வேலைகள். தனியொருவரால் ஆவதுமன்று, இன்று உன் முறை, நாளை என் முறை என்று பகிர்ந்தாலன்றி நடவாது. 2015 இல் சுதீசவும் அமெரிக்காவின் சீகொலொஜி நிறுவனமும் அரசுடன் சேர்ந்து தொடங்கிய திட்டம் இதனை உணர்ந்தே அமைந்தது. களப்போரக் கிராமங்கள் 1,500 இல், 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அளிப்பது. பதிலுக்கு அவ்வக் கிராமத்தார் தம் கரையிலுள்ள கண்டலைக் காப்பது. கடன் கொடுத்து மரத்தைக் காப்பதா என்று முதலில் நாமும் ஐயுற்றோம். ஆனால் விறகுக்குக் கண்டலை வெட்டுபவளும், அதன் நிழலிற் பெருகும் நண்டை நம்பி உலை வைப்பவளும் ஒருத்தியே ஆகும்போது, அவள் கையில் வேறொரு வருவாய் இருப்பது நல்லதுதானே!

வடக்கே ஆனைவிழுந்தானில் வேறொரு முறையைக் கையாண்டுள்ளனர். 2001 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அச்சரணாலயத்தில், கைவிடப்பட்ட இறால் குளங்களுக்குள் களப்பு நீர் மீண்டும் ஏறி இறங்க வழி செய்தால் கண்டல் தானே வந்து முளைக்கும் என்பது அவர்கள் கணக்கு. இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரிகளுள் ஒன்றாக அறிவித்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மாலையில் விடைபெற எழுந்தோம். அம்மையார் விடவில்லை. நீர் வற்றும் வேளையாம். கரையோரக் கன்றுகளிற் பாசி சுற்றிக்கொண்டிருக்கிறதாம். "வந்ததுதான் வந்தீர்கள், அந்த வரிசையை முடித்துவிட்டுப் போங்கள்" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினோம். தலைமயிர் போல் இழை இழையாய்ச் சுற்றியிருந்த பாசியைக் கன்று முறியாமல் எடுப்பது எளிதாயில்லை. அரை மணி நேரத்தில் நாம் முடித்தவை பதினேழு கன்றுகள்; பக்கத்து வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி அதற்குள் தன் வரிசை முழுவதையும் முடித்துவிட்டு, நம் வரிசையின் மறுமுனையிலிருந்து எதிரே வந்துகொண்டிருந்தாள்.