தவளையின் கேடயம்

அறிவியலைத் தமிழாக்கிப் பிழைப்பவனுக்குச் சொற்கள்தான் முதல் தலைவலி. 'பெப்டைடு' பரவாயில்லை, அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிப் புரதம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால், உடம்பு பிறக்கும்போதே கொண்டுவரும் நோய் எதிர்ப்புக்கு என்ன பெயர்? 'உள்ளார்ந்த' என்றால் தத்துவ வாடை. 'பிறவி' என்றால் பிறவிக் குறை ஞாபகம். 'இயற்கை எதிர்ப்புச் சக்தி' என்று எழுதி முடித்தேன். எம்.ஏ. தமிழ் அதற்கு மேல் உதவவில்லை.

மைக்கேல் ஜாஸ்லோஃப் கொடுத்துவைத்தவர். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேறோர் ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கிழித்து, தையல் போட்டு, அழுக்குத் தொட்டியிலேயே திரும்ப விட்டுக்கொண்டிருந்தார். நீரில் கிருமிகள் மண்டிக்கிடந்தும் காயங்கள் சீழ் பிடிக்கவில்லை. காரணத்தைத் தேடியபோது, தவளைத் தோலில் 23 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதங்கள் சிக்கின. 1987இல் அவற்றுக்கு 'மகைனின்' என்று பெயரிட்டார். மூலச்சொல் ஹீப்ரு, பொருள், கேடயம்.

வேலை செய்யும் விதம் எளிது. இவற்றுக்கு நேர் மின்னூட்டம், பாக்டீரியாவின் மேலுறைக்கு எதிர் மின்னூட்டம். ஒட்டிக்கொண்டு உறையையே ஓட்டையாக்கிவிடுகின்றன. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த ஈர்ப்பு குறைவு.

என் அம்மாவுக்கு நெடுநாள் சர்க்கரை. காலில் வந்த புண் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். எனவே, மகைனினிலிருந்து உருவான 'பெக்சிகனான்' களிம்பு சர்க்கரைப் புண்ணுக்கானது என்று கண்டதும், மொழிபெயர்ப்பாளன் ஒதுங்கிக்கொள்ள மகன் படிக்க ஆரம்பித்தான். 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை நிராகரித்தது. இருக்கும் மருந்தைவிட மேலானதல்ல என்பது வாதம். பழைய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்கும் காலத்தில் 'சமம்' போதாதா என்று கோபம் வந்தது. 2016 பரிசோதனையைப் படித்ததும் அதுவும் அடங்கியது. மருந்தில்லாத வெறும் களிம்பையே அதனால் மிஞ்ச முடியவில்லை.

இப்போது கம்ப்யூட்டர்தான் தேடுகிறது. 'செல்' இதழில் 2024இல் வந்த ஆய்வு, உலகெங்கும் எடுத்த நுண்ணுயிர் மரபணுத் தகவல்களைச் சலித்து, கிருமிகளைக் கொல்லக்கூடிய 8,63,498 குட்டிப் புரதங்களைக் கணித்தது. (நுண்ணுயிர்களுக்குள்ளும் சண்டை உண்டு.) 100ஐத் தயாரித்துச் சோதித்ததில் 79 வேலை செய்தன. ஆனால், ஆய்வுக்கூடத்தில் ஜெயிப்பது ஒன்று, புண்ணில் ஜெயிப்பது வேறு. உடம்பின் என்சைம்கள் இந்தச் சரங்களை நறுக்கிப் போட்டுவிடும்.

அம்மாவிடம் தவளைக் கதையைச் சொன்னேன். "கடைக்கு எப்பப்பா வரும்?" என்றாள். தினமும் ராத்திரி தரையில் கண்ணாடியை வைத்து, பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொள்கிறாள்.