தக்கை முழங்கிய சங்ககிரியும் கடல் கடந்த இராமகதையும்

கோவையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் ரயிலில் அமர்ந்தால், ஈரோட்டைக் கடந்து காவிரிப் பாலத்தையும் தாண்டிய சிறிது நேரத்தில், தனித்து நிமிர்ந்த பாறைக் குன்று ஒன்று கண்ணில் படும். சங்கின் வடிவம் கொண்டதால் அது சங்ககிரி. தீரன் சின்னமலை 1805-ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட கோட்டை என்றே பலரும் இதனை அறிவர். உச்சியில் சென்னகேசவப் பெருமாள் எழுந்தருளியிருப்பதை அறிந்தோர் அவர்களினும் குறைவு. இந்த மலையடிவாரத்துப் புலவர் ஒருவர் கொங்கு மக்களுக்கென்றே ஓர் இராமாயணம் பாடினார் என்பதோ உள்ளூரிலேயே பலருக்குப் புதுச் செய்தி.

அவர் எம்பெருமான் கவிராயர், 16-ஆம் நூற்றாண்டினர். மோரூர்க் காங்கேயர் மரபில் வந்த நல்லதம்பிக் காங்கேயன் என்னும் வள்ளல் வேண்டிக்கொள்ள, கம்பநாட்டாழ்வாரின் பெருங்காப்பியத்தைச் சுருக்கி எளிய இசைப்பாடல்களாக அமைத்தார். தக்கை என்னும் தோற்கருவியை முழக்கிப் பாடுவதற்கென்றே செய்யப்பட்டதால் அதற்குத் 'தக்கை இராமாயணம்' என்று பெயர் வழங்கிற்று. கம்பன் பத்தாயிரம் பாடல்களில் பாடியதை மூவாயிரத்துச் சொச்சத்தில் அடக்கியிருக்கிறார். கவிராயரின் மனைவி பூங்கோதையும் கவிபாட வல்லவர் என்பர். உழவும் மாடும் வாழ்வாகிய ஊர்களில், அறுவடை முடிந்த இரவில், ஏடு படிக்கத் தெரியாதவரும் இராமபிரானை அறிந்துகொள்ள வழி செய்த புண்ணியம் இந்தத் தம்பதியரைச் சாரும். கம்பனைக் கற்றோர் அவையில் வைத்துப் போற்றிய நாம், இவரை ஏனோ மறந்தோம். தேவாரத்திலேயே பேசப்படும் தக்கையோ, இன்று காண்பதற்கும் அரிதாகிவிட்டது.

இதே இராமகதை கடலுக்கு அப்பால் மலாய் மொழியிலும் வேரூன்றியது. 'ஹிக்காயத் செரி ராமா' என்பது அந்நூலின் பெயர். ஹிக்காயத் என்றால் கதை. செரி என்பது நம் ஸ்ரீ. அரபு எழுத்தைத் தழுவிய ஜாவி லிபியில், இஸ்லாம் அங்கே நிலைபெற்ற பின்னர் எழுதப்பட்டது. அதன் பழைய கையெழுத்துப் படி ஒன்று 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நூலகத்தைச் சென்றடைந்துவிட்டது. தமிழ் வணிகர்களின் நாவழியாகவும் சாவகத்தின் வழியாகவும் கதை அங்கே பரவியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. சுமத்திராவின் பாரூஸ் அருகே 1088-ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நிறுத்திய தமிழ்க் கல்வெட்டை எண்ணும்போது, அது நம்பத் தகாததன்று.

அந்நூலில் நம் செவிக்கு உறுத்தும் இடங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே சீதாபிராட்டி இராவணனின் மகளாகவே பிறக்கிறாள். அனுமன் இராமனுக்கே மகனாகிறான். நாடு கடத்தப்பட்ட இராவணன் சரந்தீவு மலையில் தலைகீழாகத் தொங்கித் தவம் இயற்ற, ஆதிபிதாவாகிய ஆதம் நபி இரங்கி, அவனுக்காக இறைவனிடம் பரிந்து பேசுகிறார். நீதியோடு ஆள வேண்டும் என்ற நிபந்தனையோடு வரம் கிடைக்கிறது. வால்மீகியையும் கம்பனையும் பாராயணம் செய்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும். ஆயினும், சமயம் மாறிய பின்னரும் ஒரு மக்கள் இராமனைக் கைவிட மனமின்றித் தம் வீட்டுக்குள் இடம் அமைத்துக் கொடுத்ததை நான் குறையாகக் கருதவில்லை. நிபந்தனையை மீறி அறம் பிழைத்தவன் அழிந்தான் என்பது அங்கும் மாறவில்லையே!

இளைய பெருமாள் அங்கே பெற்ற சிறப்பு தனியானது. மலாய் மொழியில் 'லக்சமானா' என்றால் கடற்படைத் தளபதி. மலாக்கா அரசின் வீரன் ஹங் துவா தாங்கிய பட்டம் அது. இன்றைய மலேசியக் கடற்படையிலும் அதுவே பதவிப் பெயர். அண்ணனுக்காக உறக்கம் துறந்து காவல் நின்றவனின் பெயர், காவல் தொழிலுக்கே பெயராயிற்று. இலக்கியத்தை அவர்கள் 'சாஸ்த்ரா' என்கிறார்கள். நோன்பு அவர்களுக்குப் 'புவாசா', அதாவது நம் உபவாசம். கடை 'கெடை'யாகவும் கட்டில் 'காத்தில்' ஆகவும் வழங்குகின்றன. கோயிலைக் 'குயில்' என்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

கொங்கில் தக்கை எப்படியோ, கிளந்தானில் தோற்பாவை அப்படி. 'தாலாங்' எனப்படும் ஒரே கலைஞர் விளக்கின் முன் அமர்ந்து, அத்தனை பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, இரவிரவாக இராமகதையை நடத்துவார். 1990-களில் அம்மாநில அரசு விதித்த கட்டுப்பாடுகளால் அக்கலை மெலிந்தது. மூத்த கலைஞர் சிலரே விடாது காத்தனர். இங்கே தக்கையை எவரும் தடை செய்யவில்லை. கேட்பாரில்லாமலேயே ஓய்ந்துவிட்டது.

பழைய சேலம் மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினம் சென்று, கப்பலேறிப் பினாங்குக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் போன குடும்பங்கள் பல. அவர்களின் பேரப்பிள்ளைகள் பூர்விக ஊரைத் தேடி வரும்போது பழனிக்கும் மருதமலைக்கும் அழைத்துச் செல்கிறோம்; சங்ககிரியை விட்டுவிடுகிறோம்.

செல்ல விரும்பும் அன்பர்கள் வெயில் ஏறுமுன் மலையேறுதல் நலம். கோட்டை வாயில்கள் பலவற்றைக் கடந்தே உச்சிக்குச் செல்ல வேண்டும். குடிநீர் கையோடு இருக்கட்டும். முழங்கால் இடம் தராதவர்கள் அடிவாரத்திலேயே கேசவனை நோக்கிக் கைகூப்பிவிட்டு, திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரரைத் தரிசித்து, மாலைக்குள் நாமக்கல்லை அடையலாம். அங்கே கூரையின்றி வெட்டவெளியில் 18 அடி உயரத்தில் நிற்கிறார் ஆஞ்சநேயர், எதிரே குன்றைக் குடைந்த கோயிலில் உள்ள நரசிம்மரை நோக்கிக் கூப்பிய கைகளுடன்.