எண்ணப்படுவது கோர்

விண்டோஸ் சர்வரை மைக்ரோசாஃப்ட் 2016 பதிப்பிலிருந்து ப்ராசஸர் கோர் கணக்கில் விற்கிறது. சர்வர் பெட்டியில் எட்டே கோர் இருந்தாலும் 16 கோருக்குப் பணம் கட்டியாக வேண்டும். பண்ருட்டி முந்திரி ஆலை அலுவலகம் ஒன்றில் பில் மென்பொருளுக்கு ஒரு பெட்டி, வருகைப்பதிவுக்கு ஒன்று, பொது ஃபோல்டருக்கு ஒன்று என மேசைக்கடியில் தூசியோடு இப்படி எட்டு கோர் பெட்டி மூன்று இருந்தால், இயங்குவது 24 கோர், உரிமம் 48 கோருக்கு.

ஸ்டாண்டர்ட் பதிப்பில், பெட்டி முழுவதற்கும் கட்டிய ஒரு உரிமத்தில் இரண்டு விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டலாம். ஆகவே 16 கோர் கொண்ட ஒரே பெட்டியில் விஎம்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளைப் போட்டு, பில்லுக்கும் வருகைப்பதிவுக்கும் இரு விண்டோஸ் விஎம் வைத்தால் போதும். ஃபோல்டரை லினக்ஸ் விஎம்மில் சாம்பா எனும் ஃபைல் பகிர்வு மென்பொருளுக்கு விட்டுவிடலாம். அதற்கு உரிமச் செலவே இல்லை. மூன்றாவதும் விண்டோஸ்தான் வேண்டுமென்றால் எல்லாக் கோர்களுக்கும் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று 32 கோர் பெட்டியை வாங்குவதும் இதே குழிதான்.

ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் பதில் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வைப்போர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சும்மாதானே கிடக்கிறது என்று விஎம்களுக்கு அடியிலுள்ள ஹோஸ்ட் விண்டோஸிலேயே ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால், இரண்டு விஎம் உரிமை ஒன்றாகிவிடும். பழைய பெட்டியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தப் பெட்டியோடு முடிந்துவிடும், புதியதற்கு வராது. விண்டோஸ் சர்வரை அணுக ஆளுக்கோ கருவிக்கோ வாங்கும் சிஏஎல் உரிமச் செலவும் விஎம் ஆக்குவதால் குறையாது. லினக்ஸ் ஃபோல்டரை மட்டும் தொடுபவருக்கு அது தேவையில்லை என்பதே அங்கே கிடைக்கும் மிச்சம்.

விஎம்களுக்கு அடியில் ஓடும் மென்பொருளும் விலை கேட்கலாம். அத்தகைய மென்பொருள் விற்கும் விஎம்வேரை 2023 நவம்பரில் வாங்கிய பிராட்காம், ஒருமுறை கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களை அடுத்த மாதமே நிறுத்தியது. ப்ராக்ஸ்மாக்ஸில் அந்தப் பயம் குறைவு: அதற்கு அடித்தளமான கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. அப்படியொரு நாளுக்கு விஎம்மின் நகலை வெளியூரில் ஒரு வட்டில் வைப்பது நல்லது. வட்டில் கிடக்கும்வரை அது உரிமம் கேட்காது. இன்னொரு பெட்டியில் ஓடவிட்டால் கேட்கும். வால்யூம் உரிமத்தை 90 நாளுக்கு ஒருமுறைதான் பெட்டி மாற்றலாம். முதல் பெட்டி நிரந்தரமாகப் பழுதாகிவிட்டால் மட்டும் உடனே மாற்றிக்கொள்ளலாம்.