தீக்குச்சியின் பூர்வீகம்

பிளக் இல்லாத வயரின் இரு முனைகளையும் சீவி, சாக்கெட்டின் துளைகளில் நுழைத்து, நழுவாமலிருக்கத் துளைக்கொரு தீக்குச்சியைச் செருகிவிடுவது தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. திருவிழா சீரியல் விளக்கிலிருந்து தார் சுற்றும் ராட்டையில் பொருத்திய சிறு மோட்டார் வரை இந்த வைத்தியம் நடக்கும். நெருப்பை மூட்டப் பிறந்த பொருளையே மின்சாரத்துக்குக் காவல் நிறுத்தும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க விரும்பினேன். அலட்சியம், படிப்பறிவில்லாமை என்ற பதில் எல்லோர் கையிலும் தயாராக இருக்கிறது. ஆனால், இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 2019 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் 12,000 பேருக்கு மேல் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. வயல், மின்கம்பம், வீடு எல்லாம் சேர்ந்த கணக்குதான் அது. இருந்தாலும், ஆண்டுக்கு ஆண்டு இதே அளவில் திரும்பி வரும் ஒன்றைத் தனி மனிதர்களின் கவனக்குறைவு என்று முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. கவனக்குறைவு ஆளுக்கு ஆள் மாறும். ஊர் ஊராக ஒரே மாதிரி நடக்கும் தப்புக்குப் பொதுவான ஒரு தாய்வேர் இருந்தாக வேண்டும்.

வேரைத் தேட ஆரணியை எடுத்துக்கொண்டேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரின் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஊருக்குள்ளும், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் போன்ற சுற்று ஊர்களிலும் தறி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, நெசவு எல்லாவற்றுக்கும் ஒரே கூரை, ஒரே மீட்டர். குழித்தறியில் நெய்பவர் தரையில் வெட்டிய குழிக்குள் வெறுங்காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். பட்டு இழை வறண்டால் அறுந்துபோகும் என்பதால் தறி இருக்கும் இடத்தில் ஈரப்பதம் காக்கப்படும். கால் மண்ணிலும், கை தறியிலும், தலைக்கு மேலே விளக்கும் வயரும் பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டியுமாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதரை மனத்தில் நிறுத்திக்கொண்டால், வீட்டு மின்சாரத்தின் வரலாற்றை வேறு கோணத்திலிருந்து படிக்கலாம். அந்த வரலாற்றில் இவரை எண்ணிச் செய்த ஏற்பாடு எது என்பதே நான் கேட்டுக்கொண்ட கேள்வி.

முதலில் சாக்கெட். நம் சுவரில் இருக்கும் உருண்டைத் துளைச் சாக்கெட்டின் மூதாதை, 1934இல் வெளியான பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரம். அதில் 5 ஆம்பியருக்கு ஓர் அளவு, 15 ஆம்பியருக்கு வேறோர் அளவு. ஒன்றின் பிளக் மற்றொன்றில் நுழையாது. இந்தத் தொல்லையை உணர்ந்த பிரிட்டன் 1947இல் எல்லாவற்றுக்கும் ஒரே பிளக், அதற்குள்ளேயே ஒரு ஃபியூஸ், துளைகளை மூடும் தடுப்பு என்று புதுத் தரத்துக்கு மாறத் தொடங்கியது. நாம் அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையையே 6, 16 ஆம்பியர் என்று அளவு திருத்தி இன்றும் அணிந்திருக்கிறோம். பெரிய பிளக் சின்னச் சாக்கெட்டில் ஏறாத வீட்டில் பிளக்கை வெட்டி எறிவதுதான் எளிதான வழி. தீக்குச்சி நுழைந்த இடம் இதுவே. எல்லாவற்றையும் விட நீளமாக இருக்கும், எர்த்துக்கான மூன்றாவது பின், மற்ற இரண்டுக்கும் முன்னால் சேரவும் அவற்றுக்குப் பிறகே விலகவும் வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்யப்பட்டது. இரண்டு பின்னே போதும் என்று ஓடும் மோட்டார், மூன்றாவது பின் அநாவசியம் என்ற பாடத்தைத் தினமும் கற்றுத் தருகிறது. தடுப்பு வைத்த புதுச் சாக்கெட்டில்கூட மேல் துளையில் பேனாவை விட்டுத் தடுப்பைத் திறந்து, இரண்டு பின்னைச் சொருகும் வித்தை நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அடுத்தது ஃபியூஸ், நம் பேச்சில் பீஸ் கட்டை. வீட்டு மின்சாரத்தின் காவலாளி என்று நாம் நம்புவது இதைத்தான். மின்விளக்குக்கான முதல் பொது விதிகளை லண்டனில் 1882இல் தந்தி எஞ்சினியர்களின் சங்கம் வெளியிட்டது. மின்விளக்கால் வரும் தீ விபத்து அபாயங்களைத் தடுப்பதற்கான விதிகள் என்பது அதன் தலைப்பு. கவலை முழுவதும் கட்டடம் எரிந்துவிடக் கூடாது என்பதில். ஃபியூஸ் அந்தக் கவலைக்கு ஏற்ற கருவி: கம்பி சூடேறும் முன் தான் உருகிக் கம்பியைக் காக்கும். வில்லியம் பிரீஸ் என்ற பிரிட்டிஷ் எஞ்சினியரின் பழைய சூத்திரப்படி, 0.2 மில்லிமீட்டர் செம்பு இழை சுமார் 7 ஆம்பியரில் உருகும், 0.5 மி.மீ. என்றால் 28, 1 மி.மீ. என்றால் 80. அடிக்கடி பீஸ் போகிறதே என்று வயரிலிருந்து இரண்டு இழை சேர்த்துக் கட்டுபவர் காவலாளியைத் தூங்க வைக்கிறார். ஆனால் விழித்திருக்கும் காவலாளியும் மனிதரைக் காப்பதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸியல், 134 ஆண்களையும் 28 பெண்களையும் கொண்டு, மின்சாரம் பாயும் கம்பியைப் பிடித்த கை எந்த அளவு வரை தானாக விடுபடும் என்று அளந்தார். ஏறக்குறைய எல்லோரும் விடுபடக்கூடிய எல்லை ஆண்களுக்கு 9 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 6. ஒரு 60 வாட் குண்டு பல்பு எடுப்பது 260 மில்லி ஆம்பியர். பல்பு எரிவதைக் கண்டு உருகாத இழை, அதில் முப்பதில் ஒரு பங்கு மனித உடம்பில் பாய்வதைக் கண்டா உருகப்போகிறது?

எர்த் போட்டிருந்தால் போதுமே என்ற பதில் நியாயமானது. அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டு வாசலில் புதைத்த எர்த் பைப்பின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் உடம்பில் பேஸ் கசிந்தால் 230 வோல்ட்டில் அந்தப் பைப் வழியே 12 ஆம்பியருக்கும் குறைவாகவே பாயும். 28 ஆம்பியரில் உருகும் இழை அசையாது. பீஸ் போகவில்லை, மோட்டாரும் ஓடுகிறது, அதன் உடம்பிலோ உயிர்க்கொல்லி மின்சாரம். எர்த் பைப்பே இல்லாமல் மூன்றாவது துளையை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருந்தால் இன்னும் மோசம். நியூட்ரல் எங்காவது அறுந்த நொடியில் எல்லாக் கருவிகளின் உடம்பும் பேஸாகிவிடும். செருப்புக் காலோடு காய்ந்த தரையில் நிற்பவர் சுரீர் என்று கையை உதறித் தப்பலாம். ஈரக் குழிக்குள் கால் வைத்திருப்பவரின் உடம்பு மின்சாரத்துக்குத் திறந்துவிட்ட மதகு. ஆக, 1882இல் தொடங்கிய காவல் முறை வீட்டைக் காத்தது, வயரைக் காத்தது. தறிக் குழியில் இருப்பவரை அதன் கணக்கு எட்டவே இல்லை.

இவ்வளவு சுமை அந்த வயருக்கு எப்படி வந்தது என்று பார்த்தால், அரசின் கை தெரிகிறது. ஏழைக் குடிசைக்கு மின்சாரம் என்பது ஒரு விளக்கு என்ற கணக்கில்தான் தொடங்கியது. 1988-89இல் மத்திய அரசு கொண்டுவந்த குடிர் ஜோதித் திட்டமும் ஒற்றை விளக்குதான். பிறகு மாநில அரசின் கையால் 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. கைத்தறி நெசவாளருக்கு 2006இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று தொடங்கியது 2016இல் 200 ஆகி, 2023இல் 300 ஆனது. ஜக்கார்டைத் தூக்க மோட்டார் பொருத்தவும் மானியம் உண்டு. இந்த உதவிகளை நான் குறை சொல்லவில்லை. மிதித்து மிதித்துத் தேய்ந்த முழங்காலுக்கு அந்த மோட்டார் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மறுக்க முடியாது. சொல்ல வருவது இதுதான்: யூனிட் வந்தது, கருவி வந்தது, அவற்றைத் தாங்கும் வயரும் எர்த்தும் வரவில்லை. ஒரு விளக்குக்காகப் போட்ட லைன் பட்டறைக்கான லைனாக மாறியபோது, இடைவெளியை வீட்டுக்காரர் தன் கையாலேயே நிரப்பினார். கைவேலை வயரிங் அறியாமையின் பிள்ளை என்பதைவிட, பாதியில் நின்ற ஒரு திட்டத்தின் மீதி வேலை என்பதே பொருந்தும்.

உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிடலாமே, சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர மற்றதை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும் என்றது. அதற்கு அடுத்த 46ஆம் விதிதான் என்னை நிறுத்திவைத்தது: இணைப்புக் கொடுத்த ஒவ்வொரு மின் அமைப்பையும் ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் ஆய்வாளரோ மின்சாரம் வழங்குபவரோ சோதிக்க வேண்டும் என்றது அது. இன்று தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட வீட்டு இணைப்புகள். ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 40 லட்சம். ஞாயிறு, தீபாவளி பாராமல் நாளொன்றுக்குப் பதினோராயிரம் வீடு. நடக்கிற காரியமா? மீட்டர் வரைக்கும் மின்வாரியம், அதற்கு இந்தப்பக்கம் அவரவர் பாடு என்று காரியம் தானாகவே பிரிந்துபோனதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஆளால் முடியாத அந்தச் சோதனையைச் செய்யும் கருவி பல காலமாக இருக்கிறது. கை விடுபடும் எல்லையை அளந்த டால்ஸியலே 1961இல் அமெரிக்காவில் அப்படி ஒன்றை வடிவமைத்தார். அதற்கு முன்பே ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதற்கான வேலை நடந்தது. நம்மூரில் ஈ.எல்.சி.பி., ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். வீட்டுக்குள் போன மின்சாரமும் திரும்பி வந்ததும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவர் உடம்பு வழியே மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். ஆனால் நம் விதிகள் இதை நெடுங்காலம் 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளுக்கே கட்டாயமாக்கின. பங்களாவுக்குக் காவல், குழித்தறிக்கு இல்லை. பின்னாளில் எல்லை இறங்கினாலும் பழைய இணைப்புள்ள வீடுகளைத் தேடிப்போய் யாரும் மாட்டுவதில்லை.

கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு என்பவருக்கு, சரிகை இழை தெரிய விளக்கு வேண்டும் என்பதும், அரசே 300 யூனிட் கொடுப்பதும் போதிய பதில். பழைய வீட்டில் இந்தக் கருவியை மாட்டினால் சும்மா சும்மா டிரிப் ஆகும், வேலை கெடும் என்பது கனமான ஆட்சேபம். எலக்ட்ரீஷியன்களே அதைக் கழற்றிவிடுவதும் உண்டு. ஆனால் அது சும்மா டிரிப் ஆவது அரிது. பெரும்பாலும் எங்கோ கசிகிறது என்பதே பொருள். தெர்மாமீட்டர் காய்ச்சல் காட்டுகிறது என்று அதை யாராவது உடைப்பார்களா? தறிக்கும் மோட்டாருக்கும் போகும் கிளையில் மட்டும் தனியாக ஒன்று போட்டால் வீடு முழுவதும் இருளாது. ஒரு புடவைக்குப் பல நாள் உழைப்பவருக்கு ஜக்கார்டு சில நிமிடம் நிற்பது பெரிய நட்டமும் அல்ல. கருவியின் விலை ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். 300 யூனிட்டையும் செலவழிக்கும் வீட்டில் ஓராண்டு இலவச மின்சாரத்தின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒரே ஒருமுறை எர்த்துக்கும் இந்தக் கருவிக்கும் செலவிடுவது புதுச் சலுகை ஆகாது. ஏற்கெனவே கொடுத்ததை முழுமையாக்குவது. அந்தக் கருவியின் முகப்பில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதை அழுத்தினால் 46ஆம் விதி சொன்ன ஆய்வில் ஒரு பங்காவது அந்த வீட்டில் நடந்துவிடும், ஐந்தாண்டு காத்திராமல்.