கொதிப்புக்குக் காரணம் எங்கே?

பழைய கார் ஒன்றைப் பேணிக் காத்து ஓட்டிவரும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் கார் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆயினும் அவ்வண்டிகள் நம் சாலைகளிலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை. எமது பங்கு இல்லத்திலும் முதுமையடைந்த கார் ஒன்று உள்ளது. இத்தகைய வண்டியை வைத்திருப்போர் என்றேனும் ஒருநாள் சந்திக்கும் துன்பம் எஞ்சின் கொதிப்பு. அது பற்றி யான் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை வாசக அன்பர்களுக்குச் சொல்வது பயன் தரும் என எண்ணுகிறேன்.

எஞ்சின் ஏன் கொதிக்கிறது என அறியுமுன், அது கொதியாமல் இருப்பது எவ்வாறு என அறிதல் வேண்டும். பெட்ரோல் எரிவதால் எழும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் வண்டியை ஓட்டும் ஆற்றலாகிறது. மற்றொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை அகற்றும் பணி நீருக்கு உரியது. வாட்டர் பம்ப் தள்ளிவிடும் நீர், எஞ்சினின் உட்சுவர்களைச் சுற்றிவந்து வெப்பத்தை ஏற்று, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரை அடைகிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களில் இறங்கும்போது விசிறி இழுக்கும் காற்றினால் குளிர்ந்து, கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் பம்புக்குத் திரும்புகிறது. இடையே தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு ஒன்று உண்டு. நீரின் வெப்பம் சுமார் 80 பாகை செல்சியஸை எட்டும்வரை அது மூடியிருந்து எஞ்சின் விரைவில் சூடேற உதவும். பின்னர்த் திறந்து வழிவிடும்.

ரேடியேட்டர் மூடிக்கும் ஒரு வேலை உண்டு. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தை அது உள்ளே தேக்கி வைக்குமாயின், கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர் சுமார் 111 பாகைவரை கொதியாது. மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டால் இந்தக் காப்பு போய்விடும். மலைமேல் நிலைமை இன்னும் கடினம்; 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும்.

மலையைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. எமது பங்கு சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்து அமைந்துள்ளது. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சிறுநீரகம் செயலிழந்த விவசாயி ஒருவரை வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காகச் சேலத்துக்கு அழைத்துச் சென்றுவருவதே எங்கள் காரின் தலையாய பணியாக இருந்தது. இறங்குகையில் வண்டிக்கு ஒரு குறையும் இராது. சிகிச்சை முடிந்து அவர் தளர்ந்து சாய்ந்திருக்கும் திரும்பு பயணத்தில்தான், பாதி வளைவுகளைக் கடக்குமுன் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்.

ஒருநாள் மாலை நடுவழியில் நீராவி சீறிற்று. நோயாளியைச் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் அமர்த்தினோம். அவ்வழியே வந்த இளைஞர் ஒருவர், உதவும் எண்ணத்தோடு ஓடிவந்து ரேடியேட்டர் மூடியில் கைவைத்தார். எங்கள் ஓட்டுநர் பாய்ந்து அவர் கையைப் பற்றி இழுத்துவிட்டார். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் சுடுநீர், மூடி திறந்த கணமே ஆவியாய்ப் பொங்கி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டு, மேல் ஹோஸ் கைக்குச் சுடாத நிலை வந்த பின்னரே, தடித்த துணியால் மூடியைப் பற்றி மெல்லத் திருகவேண்டும். சுடும் எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றுதலும் ஆகாது. வார்ப்பிரும்பு வெடித்துவிடக் கூடும்.

பட்டறைகளுக்குச் சென்றோம். ஒரு பட்டறையில் மூடியை மாற்றினர். மற்றொன்றில், 'நம் வெயிலுக்கு இது எதற்கு?' என்று கூறித் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்தனர். கொதிப்பு நின்றபாடில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின், காலைக் குளிரில் நெடுநேரம் சூடேறாமல் ஓடி, எண்ணெயைக் கெடுத்து விரைவில் தேயும் என்பது பின்னரே எமக்குத் தெரிய வந்தது. மூன்றாவது பட்டறையில் எஞ்சின் முழுவதையும் பிரித்துப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் கேட்ட தொகை வண்டியின் விலையைவிட மிகுதி. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சு பங்குப் பேரவையில் எழுந்தது. பின்னர் அந்த நோயாளியை யார் அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு எவரிடமும் விடை இல்லை.

அந்நிலையில், தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற முதிய மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. "சாமி, வண்டி கொதிக்கிறது என்கிறீர்கள். எப்பொழுது கொதிக்கிறது? அதைச் சொல்லுங்கள்" என்றார். அன்று அவர் விளக்கியவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே எஞ்சின் கொதித்து, மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருப்பின், தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டிருக்கலாம். நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணியுமாயின் காற்றோட்டத்தில் குறை. ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவே அமிழவேண்டும். அதற்கு மேல் அமிழ்ந்தால் அது வழுக்குகிறது எனக் கொள்க. வேகமாகச் செல்கையிலும் ஏற்றத்திலும் மட்டும் கொதித்தால் நீரோட்டத்தில் தடை இருக்கக்கூடும். நாள்தோறும் நீர் குறைந்து, தரையிலும் கசிவு காணப்படாவிட்டால், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டை ஐயுறவேண்டும். எண்ணெய் அளக்கும் கம்பியில் பால் கலந்தாற்போன்ற நிறம், ரேடியேட்டரில் ஓயாத குமிழிகள், எஞ்சின் சூடான பின்னும் நிற்காத வெண்புகை ஆகியவை அதன் அடையாளங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும், தீப்பொறி உரிய நேரத்துக்குப் பிந்தி விழுந்தாலும் எஞ்சின் சூடேறும் என்றும் சொன்னார்.

எங்கள் வண்டி ஏற்றத்தில் மட்டுமே கொதிப்பது. எனவே எஞ்சினைச் சூடேற்றி, ஓட்டுநரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, விசிறிக்கு எட்டி நின்று கீழ் ஹோஸைக் காட்டினார். பம்ப் வேகமாக உறிஞ்ச உறிஞ்ச அந்த ரப்பர்க் குழாய் தட்டையாகி ஒட்டிக்கொண்டது! நீர் செல்லும் வழி அங்கே அடைபட்டிருந்தது. புதிய ஹோஸ் போட்டால் போதும் என்று நாங்கள் மகிழ்ந்தோம். அவர் தலையசைத்தார். "ஹோஸ் ஏன் ஒட்டியது என்று பார்க்கவேண்டாமா?" என்றார்.

எஞ்சினை நிறுத்தி, விசிறி ஓய்ந்த பின்னர் ரேடியேட்டரின் முகப்பில் உள்ளங்கையை அருகே கொண்டுசென்று தடவச் சொன்னார். மேலே நல்ல சூடு. கீழே ஒருபுறம் மட்டும் வெறுமனே குளிர்ந்து கிடந்தது. அப்பகுதியின் குழாய்களில் நீர் ஓடவே இல்லை. மலை ஏறுமுன் அடிவாரத்தில் ஆண்டுக்கணக்காக ஊற்றப்பட்டு வந்தது ஆழ்துளைக் கிணற்று நீர். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு, அக்குழாய்களிலும் படிந்துவிட்டது. போதிய நீர் ரேடியேட்டரிலிருந்து வாராமையால் பம்ப் ஹோஸையே உறிஞ்சித் தட்டையாக்கிற்று. சமவெளியில் மீதிக் குழாய்களே போதுமானவை. இரண்டாம் கியரில் எஞ்சின் முழுப் பலத்துடன் இழுக்க, எதிர்க்காற்றும் குறைவாக உள்ள ஏற்றத்தில் அவை போதவில்லை.

ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியைப் பிரித்து, மெல்லிய கம்பியால் குழாய் குழாயாகக் குத்திச் சுத்தம் செய்து மீண்டும் பற்றவைத்தார்கள். புதிய ஹோஸும், கழற்றி எறிந்ததற்கு ஈடாகப் புதிய தெர்மோஸ்டாட்டும் பொருத்தினோம். எல்லாம் சேர்ந்தும் மூன்றாம் பட்டறை கேட்டதில் சிறு பகுதியே செலவாயிற்று. அடுத்த வாரம் 20 வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறினோம். முள் நடுவிலேயே நின்றது. பின்னிருக்கையில் நோயாளி உறங்கிக்கொண்டே வந்தார்.

அன்பர்களே, உங்கள் வண்டி கொதித்தால் உடனே உதிரிப் பாகம் வாங்க ஓடாதீர்கள். கிளப்பிய எத்தனை நிமிடத்தில், ஏற்றத்திலா நெரிசலிலா, எவ்வளவு நீர் குறைந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒரு குறை கண்டபின்னும், அது ஏன் வந்தது என்று மேலும் ஒருமுறை கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, வாலைவடிநீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ஹோஸ்களை ஆண்டுக்கு ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். முள் சிவப்பைத் தொட்டால் எந்த அவசரமாயினும் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள். அரைமணி நேரத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வளைந்துபோன சிலிண்டர் ஹெட்டைச் சரிசெய்வது எளிதன்று.