ஏழரைச் சுற்று

மூவாயிரம் மீட்டர் ஓட்டம் என்றால் ட்ராக்கில் ஏழரைச் சுற்று. அந்த அரைச் சுற்றுதான் முதலில் வரும். ஃபினிஷ் கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், கேலரியில் இருப்பவருக்கு முகம்கூடத் தெரியாத தூரத்தில் ஓட்டம் தொடங்கிவிடும். எங்கள் தெருப் பெண் முதன்முதலாக வீட்டில் "ஏழரை" என்று சொன்னபோது அவள் அம்மா பதறிப்போய், "அந்த வார்த்தைய வாயில எடுக்காத மக்களே" என்றாள். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்த குடும்பம். அப்பாவுக்குச் சாலைக் கம்போளத்தில் சுமை தூக்கும் வேலை.

பாளையத்தில் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்துக்கு நான் காலை நடைக்குப் போவேன். அங்கே வைத்துத்தான் அவள் ஒருநாள், "மாமா, இதக் கொஞ்சம் பிடியுங்க" என்று ஸ்டாப்வாட்சை என் கையில் தந்தாள். நாலு வருஷமாக அது என் வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் நான் நொடியைக் கூவ வேண்டும். ஓடி முடித்ததும் நாற்பது பக்க நோட்டில் அவள் எழுதிக்கொள்வாள். எட்டாம் வகுப்பில் பன்னிரண்டு நிமிடம். ஒன்பதில் பதினொன்றுக்கு வந்துவிட்டாள். பத்தாம் வகுப்பில் மறுபடியும் பன்னிரண்டைத் தொட்டது.

அந்த ஒரு வருஷம் அவள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கும். மடி பிடித்துவிட்டது என்றார்கள். போன் கெடுத்துவிட்டது என்றார்கள். நானும் ஒருநாள் கடிந்து பேசினேன். பதில் பேசாமல் குனிந்து ஷூ லேசை அவிழ்த்தாள். கண் இமைக்கு உள்பக்கம் வெளுத்திருந்ததைப் பார்த்தவர் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் ஓர் அம்மாதான். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே. மாதவிலக்கு தொடங்கிய வயது, தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம். வியர்வையில் கொஞ்சம் இரும்புச்சத்து போகும், பாதம் தரையில் அடித்து அடித்துச் சிவப்பணுக்களும் கொஞ்சம் சிதையும். போதாக்குறைக்குச் சோறு தின்ற கையோடு கடுப்பமாய் ஒரு சாயா. சாப்பாட்டிலிருக்கும் இரும்பை உடம்பு ஏற்கவிடாமல் தேயிலை தடுக்கும் என்பதை டாக்டர் சொல்லித்தான் அந்த வீடு அறிந்தது. நெடுந்தூரம் ஓடும் பெண்பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருவது. ஓட்டம் குறைந்தால் முதலில் திட்டுகிறோம், அப்புறம்தான் ரத்தம் பார்க்கிறோம். இந்த வரிசை மாறியே ஆக வேண்டும்.

மாத்திரை, முருங்கைக்கீரை, சாயாவுக்கு ஒரு மணி நேர இடைவெளி. ஆறேழு மாதத்தில் திரும்பி வந்தாள். இப்போது பிளஸ் டூ; 10 நிமிடம் 48 நொடி. நல்ல நேரம்தான். ஆனால் மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்க அது போதவில்லை.

கேரளத்தில் ஓடுகிற பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு என்பது ஸ்போர்ட்ஸ் கோட்டா. சான்றிதழ்களுக்கு மதிப்பெண் போட்டு ரேங்க் லிஸ்ட் வரும். நூறு மீட்டர் ஓடுகிறவரையும் மூவாயிரம் ஓடுகிறவரையும் பதினேழு வயதில் ஒரே தராசில் நிறுப்பது சரியென்று எனக்குப் படவில்லை. நெடுந்தூரம் ஓடும் உடம்பு பழுக்க நாளாகும். இடுக்கியின் பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் பத்தாயிரம் மீட்டரை 31 நிமிடம் 50.47 நொடியில் ஓடித் தங்கம் வாங்கியபோது வயது 28. வயநாட்டு ஓ.பி. ஜெய்ஷா 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் மாரத்தானை 2 மணி 34 நிமிடம் 43 நொடியில் முடித்துத் தேசிய சாதனை படைத்தபோது 32. பள்ளியிலேயே ஜொலித்த பிள்ளைகளும் உண்டு. பாலக்காடு முண்டூரின் பி.யு. சித்ரா, கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகள், பள்ளிப் போட்டிகளில் அள்ளிக் குவித்தவர்; 2017-இலும் 2019-இலும் 1500 மீட்டரில் ஆசியச் சாம்பியன். ஆனால் எல்லோரும் சித்ராவாக இருக்க வேண்டியதில்லை. பதினேழுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே ஒரு பிள்ளைக்குச் சோறும் படுக்கையும் ட்ராக்கும் யார் தருவது என்பதுதான் கேள்வி. பிரீஜாவுக்கு அதைத் தந்தது பாலா அல்போன்சா கல்லூரி. ஓட்டக்காரர் ஷைனி வில்சன் படித்த அதே கல்லூரி. இந்த மண்ணின் ஓட்டப் பெருமையில் பாதி கல்லூரி ஹாஸ்டல்களுக்குச் சேர வேண்டும் என்பேன்.

போன மாதம் அவளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனேன். விண்ணப்பம், கடைசித் தேதி, சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் நான்தான் விசாரித்தேன். அவள் மைதானத்து ஓரம் நின்றிருந்தாள். பயிற்சி முடித்து வந்த ஒரு சீனியர் பெண்ணிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது: "சேச்சி, இவிடெ ராத்ரி முட்ட உண்டோ?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அந்த நோட்டை எடுத்து, நேரங்கள் எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தில் "முட்டை 2" என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.