மதராஸ் என்றொரு நோய்

தென்காசியில் நாம் தமிழ் கற்பிக்கும் கல்லூரியில், வருகைப் பதிவின்போது பெயர் சொல்லி அழைத்தால் மறுமொழி தராத மாணவன் ஒருவன் இருந்தான். இரண்டாம் முறை உரத்து அழைத்தால்தான் எழுவான். செருக்கு என்றே எண்ணினோம். ஒருநாள் வகுப்பறைக்கு வெளியே நிற்கவும் வைத்தோம்.

அடுத்த ஆனியில், சாரல் தொடங்கிய வாரம், மாணவர்களுடன் குற்றாலம் சென்றிருந்தோம். பேரருவியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதும் காதில் விழாது. கூட்டத்தைக் கண்டு, ஐந்தருவிக்குப் போய்விடலாம் என்றோம். ஒருவருக்கும் கேட்கவில்லை. அவன் மட்டும் தலையசைத்துவிட்டுப் பைகளை எடுத்தான். எல்லாரும் செவியை நம்பி நின்றபோது அவன் நம் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளித்தபின் தன் துண்டைப் பிழிய அவனால் இயலவில்லை என்பதையும் அன்றுதான் கண்டோம். வலக் கைப் பெருவிரலின் அடிச்சதை வற்றிக் குழிந்திருந்தது.

"எப்போதிருந்து?"

"பிளஸ் டூ படிக்கையிலிருந்து, ஐயா."

வீட்டார் அறிந்தே இருந்தனர். மருத்துவச் சீட்டொன்றில் 'இயக்க நரம்பணு நோய்' என்றிருந்ததை அவன் அண்ணன் இணையத்தில் தேடிப் படித்து, இன்னும் மூன்றாண்டுகள்தாம் என்று முடிவுகட்டி, தாயிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் ஷார்கோ விவரித்த நோயையே அவர் படித்திருந்தார். அது பெரும்பாலும் நடுவயதுக்குமேல் வந்து சில ஆண்டுகளில் உயிரைக் கொள்வது. 21 வயதில் நோய் கண்டறியப்பட்டு 2018 வரை வாழ்ந்த ஸ்டீபன் ஹாக்கிங் விதிவிலக்கு.

அவனுக்கு வந்தது அதுவன்று. வேறொரு நரம்பியல் மருத்துவர் செவியையும் சோதித்துவிட்டுச் சொன்ன பெயர், மதராஸ் இயக்க நரம்பணு நோய். நகரத்தின் பெயர் 1996-இல் சென்னையென மாறியது; நோய் மாறவில்லை.

சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970-இல் இதனைப் பதிவு செய்தனர். இளையோரிடம் தோன்றும்; கைகால்கள் மெலியும்; முகமும் நாவும் தொண்டையும் தளரும்; பலருக்குச் செவி நரம்பும் பழுதாகும்; ஆயினும் மெல்ல நடக்கும். பாடநூலிலுள்ள நோயோடு இது பொருந்தவில்லை என்று கண்டதே அவர்களின் சாதனை. பொருந்தாததைப் பிழையென்று ஒதுக்குவது எளிது. வருகைப் பதிவேட்டோடு நாம் செய்தது அதைத்தான்.

அவ்வழியை நெடுங்காலம் தொடர்ந்தவர் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் எம். கௌரி தேவி. 1984-இல் அவரும் உடனாய்வாளர்களும் 23 நோயாளிகளைக் கொண்டு, ஒரே கையோ ஒரே காலோ மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் தானே நின்றுவிடும் வேறொரு நோயை வகுத்துக் காட்டினர். ஜப்பானில் ஹிராயாமா 1959-இல் விவரித்த கை மெலிவுக்கு இது உறவு. 1988-இல் மதராஸ் வகையைப் பற்றியும் சுரேஷுடன் சேர்ந்து எழுதினார். பின்னாளில் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். அதே நிறுவனத்தில் நளினி குழுவினர் 2008-இல் வெளியிட்ட கட்டுரை, 1971 முதல் 2007 வரை வந்த 116 பேரைப் பற்றியது. முப்பத்தாறு ஆண்டுகள்! ஒரு சுவடிக்குப் பாடபேதம் பார்ப்பவருக்குத்தான் இந்தப் பொறுமையின் அருமை தெரியும்.

நரம்பு என்பது தமிழில் யாழின் தந்தியையும் குறிக்கும். இதை வகுப்பில் பல்லாண்டு சொல்லியிருக்கிறோம், அது தளர்வது எப்படியிருக்குமென்று எண்ணாமலே.

இந்நோயை நீக்கும் மருந்து இன்றும் இல்லை. செவிட்டுத் தன்மையோடு வரும், இதனையொத்த மற்றொரு நோயில் ரைபோஃபிளேவின் என்னும் உயிர்ச்சத்தைக் கடத்தும் மரபணு பழுதாகியிருப்பதை 2010-இல் கண்டனர். அந்நோயாளிகளுள் பலருக்கு அச்சத்தை மிகுதியாகக் கொடுப்பது பயன் தருகிறது. ஆகவே அதையும் ஆராயவேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார்.

செய்தி தெரிந்த அன்று அண்ணன்தான் அழுதார். பிறகு தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாணவனோ, முதுகலைக்கு விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று கேட்டான். இப்போது முதல் வரிசையில் அமர்கிறான். எழுத்தை இடக் கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் வரும்போது நாம் ஏட்டிலிருந்து முகத்தை நிமிர்த்தி, அவன் பார்க்கும்படி அழைக்கிறோம்.